'சந்திரகாந்தா' வாசிக்கத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தனக்கென்று ஓர் உலகம், அதற்குள் ஒரு காதல், பிரிக்கப் பிரிக்க இறுகும் முடிச்சுகள் என்று எல்லாம் உள்ள நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது தேவகி நந்தன் கத்ரியின் 'சந்திரகாந்தா'. 1888-ல் வந்த இந்தி நாவல். சொன்ன அடுத்த வாரமே கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய முடிச்சுகள் எதையும் அவிழ்க்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

கதை என்ன? ரெண்டு வரியில் சொல்லுங்கள்.

நௌகட் இளவரசன் வீரேந்திர சிங்குக்கும் விஜய்கட் இளவரசி சந்திரகாந்தாவுக்கும் காதல். விஜய்கட் மந்திரியின் மகன் குரூர் சிங்குக்கு இளவரசி மேலும் கண், சிம்மாசனத்தின் மேலும் கண். தன் சூழ்ச்சி பலிக்காதபோது அவன் சுனார்கட் அரசன் சிவதத்திடம் ஓடிப்போய் அவனைத் தூண்டிவிடுகிறான். அப்புறம் படையெடுப்பு, கடத்தல், ஆள்மாறாட்டம், நடுவில் போனவர் திரும்பாத ஒரு திலிஸ்ம். ரெண்டு வரி தாண்டிவிட்டது.

திலிஸ்ம் என்றால் மந்திரக் கோட்டையா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். கற்சிலை கையை நீட்டி ஆளைப் பிடிக்கும், தரை பிளக்கும், கதவு தானாக மூடிக்கொள்ளும். ஆனால் கத்ரியின் விசேஷமே இங்குதான் இருக்கிறது. அவருடைய திலிஸ்மில் மந்திரம் கிடையாது. சிலைக்குள் கம்பியும் சுருளும் சக்கரமும் இருக்கும். ஆள் மயங்கி விழுந்தால் பேய் அடித்துவிட்டது என்று அர்த்தமில்லை, மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் மயிர்க்கூச்செறிய வைத்துவிட்டு, சில நேரம் பல நூறு பக்கம் கழித்து, அது இப்படித்தான் நடந்தது என்று பிரித்துக் காட்டுவார்.

இந்தச் சொல்லும் யோசனையும் அவருடையவை அல்ல. அரபி, பாரசீகம் வழியாக உருதுக் கதைசொல்லிகளிடம் வந்து சேர்ந்தவை. அமீர் ஹம்சாவின் வீரக் கதைகளை இரவு முழுக்கச் சொல்லும் 'தாஸ்தான்' மரபில் திலிஸ்ம் என்பது மந்திரவாதி படைத்த ஒரு தனி உலகம். அங்கே சூரியனே வேறாக இருக்கும். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அதில் ஒரு பகுதியான 'திலிஸ்மே ஹோஷ்ருபா'வை 1883 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டுக்கொண்டிருந்தது. அதே காலத்தில்தான் காசியில் இருந்த கத்ரி அந்த உலகத்தை எடுத்து, மந்திரவாதியை வெளியே அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் ஒரு கைதேர்ந்த கொல்லனை உட்கார வைத்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது, திலிஸ்மை யார் எதற்குக் கட்டுகிறார்கள் என்பதற்கு நாவல் சொல்லும் காரணம். ஒரு ஜோசியர் விளக்குகிறார். ஏராளமான செல்வம் இருந்து வாரிசு இல்லாத அரசன் ஜோசியர்களைக் கூப்பிட்டு, தன் குலத்தில் எப்போது தகுதியான ஒருவன் பிறப்பான் என்று கணிக்கச் சொல்கிறான். அவன் பெயரில் புதையலைப் பூட்டி, சுற்றிலும் பொறிகளை வைக்கிறான். அந்தப் பெயருக்கு உரியவன் வந்தால்தான் திலிஸ்ம் உடையும், அதற்கு வழி சொல்லும் ஒரு புத்தகமும் உண்டு. நம் ஊரில் பூதம் புதையலைக் காக்கும். இங்கே அந்தப் பூதத்துக்குப் பல் சக்கரம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு விதியால் கதைக்குள் வரும் எந்தப் பொறிக்கும் ஒரு நோக்கம் வந்துவிடுகிறது. யாரோ யாருக்காகவோ வைத்தது என்ற எண்ணத்தோடு படிப்போம்.

அய்யார் யார்? ஒற்றனா, திருடனா, மந்திரவாதியா?

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். கத்ரியே முன்னுரையில் சொல்லிவிடுகிறார்: அரசவைகளில் சம்பளத்துக்கு இருந்தவர்கள், உருவம் மாற்றுவது, மருந்துகள், பாட்டு, ஓட்டம், ஆயுதம், உளவு எல்லாம் தெரிந்தவர்கள், இரண்டு அரசர்கள் மோதிக்கொண்டால் ரத்தம் சிந்தாமல், படைகளைச் சாகவிடாமல் சாமர்த்தியத்தாலேயே சண்டையை முடித்துவைத்தவர்கள்.

நாவலின் முதல் பத்தியை நிதானமாகப் படியுங்கள். மாலை நேரம், கொஞ்சம் சூரியன் மிச்சம் இருக்கிறது. ஆளில்லாத வெளியில் ஒரு குன்றின் அடியில் இரண்டு பேர் பாறைமேல் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவன் இளவரசன். மற்றவன் திவானின் மகன் தேஜ் சிங். இடுப்பில் ஒரு கட்டாரி மட்டும், பக்கத்தில் தொங்கும் 'பட்டுவா', கையில் 'கமந்த்'. பேசிக்கொண்டே நாலாபக்கமும் பார்க்கிறான். எதிரே சேணம் பூட்டிய குதிரை ஒன்று மரத்தில் கட்டியிருக்கிறது. இரண்டு பேர், ஒரு குதிரை. ஒருவனுக்குக் குதிரை வேண்டும், இன்னொருவனுக்குத் தேவையில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

பட்டுவா வேறொன்றுமில்லை, நம் பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை. அவர்கள் அதில் வெற்றிலை, பாக்கு, காசு வைத்தார்கள். அய்யாரின் சுருக்குப்பையில் மயக்கப் பொடி, மயக்கம் தெளிவிக்க மூக்கில் காட்டும் 'லக்லகா', முகத்தை மாற்றும் சாயம், மெழுகுவர்த்தி, வேஷத் துணி எல்லாம் இருக்கும். அதைப் பறிகொடுத்த அய்யார் பாதி ஆள். கமந்த் என்பது சுவரில் எறிந்து ஏறும் கயிறு. நம் கதைகளில் உடும்பைக் கட்டி ஏறுவார்களே, அந்த வேலைக்கு. 'ஜஃபீல்' என்பது சீழ்க்கை. காட்டில் ஓர் அய்யார் ஊதினால் அவன் கூட்டாளி எங்கிருந்தாலும் பதில் ஊதுவான்.

வேலை முறையும் மாறாது. வெற்றிலையிலோ பூவிலோ புகையிலோ மருந்து. ஆள் சாய்ந்ததும் துணியை விரித்து, அதில் போட்டு மூட்டையாகக் கட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு காட்டுவழி. பிறகு கடத்தப்பட்டவனின் முகத்தோடு அதே அரண்மனைக்குள் நுழைவது. இதை முதல் தடவை படிக்கும்போது சிரிப்பு வரும். ஐந்தாவது தடவை, மூட்டைக்குள் இருப்பவனே வேஷம் போட்டவனாக இருந்தால் என்ன என்று மனசு அடித்துக்கொள்ளும்.

மர்மத்தை நாமே முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா?

பாதி முடியும். இங்கே குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் தெரிந்த விஷயம். எதிரில் நிற்பவர் அவர்தானா என்பதுதான் கேள்வி. அதனால் யார் பேசினாலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கடைசியாக இவரை எங்கே விட்டோம், இப்போது எதையாவது தின்னவோ முகரவோ கொடுக்கிறாரா, முகம் கழுவச் சொன்னால் தயங்குகிறாரா. முகம் கழுவுவது இந்த நாவலில் கைரேகைச் சோதனை மாதிரி. தண்ணீர் பட்டால் சாயம் போய்விடும். அதனால் அய்யார்கள் தங்களுக்குள் அடையாளச் சொல் வைத்துக்கொள்கிறார்கள், மாறுவேஷத்தில் சந்தித்தாலும் அதைச் சொன்னால்தான் நம்புவார்கள்.

நான் முதல் முறை படித்தபோது ஒரு பழைய டைரியில் யார் யார் முகத்தில் இருக்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டு எழுதிவந்தேன். இரண்டாம் பாகம் பாதியில் அந்தப் பக்கம் கோலம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் டைரியை மூடிவிட்டு ஏமாறுவது என்று முடிவு செய்தேன், வாசிப்பு நன்றாக ஓடியது. மீதிப் பாதியை ஏன் கண்டுபிடிக்க முடியாது என்றால், கத்ரி சில இடங்களில் துப்பே தராமல் கடைசியில் விளக்குகிறார். அது அழுகுணி ஆட்டம், ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்தது சபா இந்திதான். போதுமா?

தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவில் ராஷ்ட்ரபாஷா வரை தேறியிருந்தால் தாராளமாகப் போதும். முதல் ஐம்பது பக்கம் மட்டும் தடுக்கும். காரணம் கஷ்டமான இந்தி இல்லை, பேச்சில் கலந்த உருதுச் சொற்கள். முதல் வாக்கியத்திலேயே 'ஷக்ஸ்' வருகிறது. பாடப் புத்தகத்தில் நாம் 'வ்யக்தி' என்று படித்திருப்போம். வக்த், துருஸ்த், கஞ்சர் என்று ஒரு முப்பது நாற்பது சொல் பிடிபட்டுவிட்டால் அகராதி தேவைப்படாது. வாக்கியங்கள் சின்னவை, பாதிக்குமேல் உரையாடல். அத்தியாயத்துக்கு 'பயான்' என்று பெயர், அதுவும் சின்னதுதான். ராத்திரி படுக்கும் முன் ஒரு பயான் என்று ஆரம்பித்து நாலு ஆகிவிடும்.

இந்த எளிமை தற்செயலானதல்ல. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கோர்ட்டு கச்சேரி மொழி உருதுதான். நாகரி எழுத்துக்கு அங்கே இடம் கிடைத்தது 1900-ல். படித்தவர்கள் பலருக்கு உருது எழுத்துதான் பழக்கம். அப்படிப்பட்டவர்கள் இந்த நாவலுக்காக நாகரி கற்றுக்கொண்டார்கள் என்பதை இந்தி இலக்கிய வரலாறு எழுதிய ராமச்சந்திர சுக்லரே பதிவு செய்கிறார். கத்ரி அளவுக்கு வாசகர்களை உருவாக்கியவர் வேறு யாரும் இல்லை என்றும் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, நிகழ்ச்சிகளை அடுக்குவதுதான் இவற்றின் நோக்கம், இலக்கிய வரிசையில் சேராது என்றும் தள்ளிவிடுகிறார். வாசகர்களைக் கொண்டுவந்தவரை வாசலில் நிறுத்தும் வழக்கம் எல்லா மொழியிலும் இருக்கிறது போல.

ஊர்கள் எல்லாம் கற்பனையா? வரைபடம் இருக்கிறதா?

வரைபடம் இல்லை, ஆனால் ஊர்கள் உண்மை. சுனார் கோட்டை மிர்சாபூர் மாவட்டத்தில் கங்கைக் கரையில் இன்றும் நிற்கிறது. விஜய்கட் கோட்டை சோன்பத்ரா மாவட்டத்தில். நௌகட் இப்போது சந்தௌலி மாவட்டத்தில். விந்தியத்தின் விளிம்பு அது. காடு, பாறைக் குன்று, ஓடை, அருவி, இடிந்த சுவர்.

கத்ரிக்கு இந்த நிலம் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. காசி ராஜாவிடமிருந்து சகியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். மரம் வெட்டும் கணக்கு பார்க்கப் போன இடத்தில் குகைகளையும் பாழடைந்த கோட்டைகளையும் சுற்றிப் பார்த்திருக்கிறார். நாவலில் ஒருவன் ஓடை வழியாக நடந்து, பாறை இடுக்கில் குனிந்து, உள்ளே போனதும் திடீரென்று நாலுபக்கமும் மலை சூழ்ந்த ஒரு வெளி திறக்கும்போது நமக்கு நம்பிக்கை வருவது அதனால்தான். மேலே பொறியும் புதையலும் கற்பனை, கீழே மண் நிஜம். புதிய உலகம் கட்டுகிறேன் என்று ஊர்ப்பெயர்களை மட்டும் விசித்திரமாக வைத்துக்கொள்ளும் நாவல்களில் எனக்குக் கால் ஊன்ற முடிவதில்லை. இங்கே முடிகிறது.

காதல் நன்றாக இருக்குமா?

நாயகன் நாயகி காதல், உண்மையைச் சொன்னால், சுமார். கதை தொடங்கும்போதே இருவரும் உருகிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தார்கள், பிடித்தது, வளர்ந்தது என்ற படிகளே கிடையாது. பிரிவு, பெருமூச்சு, மயக்கம். வீரேந்திர சிங் வாள் வீச்சில் சூரன், ஆனால் சந்திரகாந்தா காணோம் என்றதும் உட்கார்ந்து அழுதுவிடுவான். இந்தக் காதலை ஓர் எரிபொருள் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

ரசிக்க வேண்டியது பக்கத்துக் காதல். இளவரசியின் தோழி சபலா தானே ஓர் அய்யார். தேஜ் சிங்குக்கும் அவளுக்கும் இடையே இருப்பது சம பலம் உள்ள இரண்டு பேரின் காதல். ஒருவரை ஒருவர் ஏமாற்றத் தெரிந்தவர்கள், ஏமாறாமல் இருக்கவும் தெரிந்தவர்கள். தினம் ஒரு முகம் போட்டுக்கொள்கிற தொழிலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வதே அங்கே கொஞ்சல். நாவலுக்குச் சபலா என்றே பெயர் வைத்திருக்கலாம்.

டிவியில் பார்த்துவிட்டேன். படிக்க வேண்டுமா?

வேண்டும். 1994-ல் நீர்ஜா குலேரி இயக்கிய தொடரைத்தான் சொல்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் வரும். இந்தி ஒரு வார்த்தை புரியாமல் எங்கள் தெருவே பார்த்தது. அகிலேந்திர மிஸ்ரா நடித்த குரூர் சிங் "யக்கூ!" என்று கத்துவதைப் பள்ளிக்கூடத்தில் நாங்களும் கத்தினோம். பிற்காலத்தில் உலகம் அறிந்த இர்ஃபான் கான் அதில் பத்ரிநாத் என்ற அய்யாராக வருவார்.

ஆனால் தொடர் நாவலை விட்டு வெகுதூரம் போய்விட்டது. பாம்பும் மந்திரமும் பழிவாங்கலும் சேர்த்து இழுத்தார்கள். நாவலின் குரூர் சிங் அவ்வளவு பெரிய ஆளே இல்லை, கோழை. தொடரை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் "யக்கூ" எப்போது வரும் என்று காத்திருப்பீர்கள். வராது.

'சந்ததி'யும் படிக்க வேண்டுமா? அது எவ்வளவு பெரியது?

24 பாகங்கள். 'சந்திரகாந்தா' நாலு பாகம்தான். 'சந்திரகாந்தா சந்ததி' அடுத்த தலைமுறையின் கதை, வீரேந்திர சிங்கின் மகன்கள் இந்திரஜித், ஆனந்த் இருவரும் ரோஹ்தாஸ்கட், ஜமானியா என்று பரந்து போகும் திலிஸ்முக்குள் அலைகிறார்கள். 'திலிஸ்மி கஞ்சர்' என்று ஒரு கட்டாரி வரும். தொட்டவனுக்கு மின்சாரம் தாக்கியதுபோல அதிர்ச்சி, அழுத்தினால் வெளிச்சம். அதற்கு ஜோடியான மோதிரம் விரலில் இருந்தால்தான் ஏந்த முடியும். மின்விளக்கு வீடுகளுக்கு வராத காலத்தில் எழுதியது.

எழுத்தாளராக அவர் முதிர்ந்தது 'சந்ததி'யில்தான். அதில் வரும் பூதநாத் என்ற அய்யார், நல்லவனா கெட்டவனா என்று தனக்கே தெரியாத, பழைய பாவம் துரத்தும் மனிதன். அவனுக்காகவே தனி நாவல் எழுதத் தொடங்கி, முடிக்காமல் 1913-ல் கத்ரி இறந்துபோனார். மகன் துர்கா பிரசாத் கத்ரி தொடர்ந்து எழுதி முடித்தார். வாசகர் தேவை அவ்வளவு இருந்தது. 1898-லேயே கத்ரி காசியில் லஹரி அச்சகம் என்று சொந்தமாகவே தொடங்கியிருந்தார்.

முதலில் 'சந்திரகாந்தா'வை முடியுங்கள். பிடித்திருந்தால் 'சந்ததி'யில் ஆறு பாகம் படித்துப் பாருங்கள். அதற்குள் பிடி கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடலாம், ஒன்றும் குற்றமில்லை.

உறுத்தும் விஷயங்கள் ஏதாவது?

உண்டு. குரூர் சிங்கின் அய்யார்கள் நாஜிம், அகமது இருவரும் முஸ்லிம்கள், இருவரும் அயோக்கியர்கள். முதல் நாவலில் இதற்கு எதிர்த்தட்டில் வைக்க நல்ல முஸ்லிம் பாத்திரம் இல்லை. 'சந்ததி'யில் ஷேர் அலி கான் என்ற கண்ணியமான ஒருவர் வருகிறார் என்றாலும், இது கவனிக்காமல் தாண்டக்கூடிய விஷயமில்லை. அய்யார் என்ற யோசனை, திலிஸ்ம் என்ற சொல், கஞ்சர், கமந்த் எல்லாம் உருது தாஸ்தானிலிருந்து எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்து ஆட்களை மட்டும் வில்லனாக்குவது நெருடுகிறது. படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் நெருடியது.

மற்றபடி, திரும்பத் திரும்ப ஒரே தந்திரம் வரும். அது உறுத்தல் இல்லை, அலுப்பு.

பிள்ளைகள் படிக்கலாமா?

பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் சரி. ரத்தம் குறைவு. மயக்கப் பொடி செய்வது எப்படி என்று கேட்பார்கள், தயாராக இருங்கள்.

நம் தமிழில் இதற்கு ஒப்பாக எதுவும் இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பலரும் சரித்திர நாவல்களைச் சொல்வார்கள். நான் இன்னும் பின்னால் போவேன். கொங்குவேளிரின் பெருங்கதையை எடுத்துப் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் 1924-ல் பதிப்பித்தது, முதலும் முடிவும் கிடைக்காத காப்பியம். அதன் மூலம் பிருகத்கதை என்ற வடநாட்டுப் பெருங்கதை. கோசாம்பி அரசன் உதயணனைப் பிடிக்க, உஞ்சை அரசன் பிரச்சோதனன் ஆட்களை உள்ளே ஒளித்துவைத்த யானைப் பொறி ஒன்றைக் காட்டுக்கு அனுப்புகிறான். யானை என்று நம்பி யாழோடு போகிற உதயணன் மாட்டிக்கொள்கிறான். அவனை மீட்க அமைச்சன் யூகி வேஷம் மாறி உஞ்சை நகருக்குள் நுழைகிறான், நளகிரி என்ற யானைக்கு மதம் பிடிக்கச் செய்கிறான், ஊரே அலறும்போது உதயணனை விட்டால் அதை அடக்க வேறு ஆள் இல்லை என்ற நிலையை உண்டாக்குகிறான். பொறி, வேஷம், மருந்து, சிறைப்பட்ட அரசன், எதிரியின் மகள் வாசவதத்தையோடு காதல். யூகியின் தோளில் ஒரு சுருக்குப்பையைத் தொங்கவிட்டால் அவன் தேஜ் சிங்.

சீவக சிந்தாமணியிலும் ஒரு மயிற்பொறி உண்டு. அரசன் சச்சந்தன் கர்ப்பிணியான மனைவி விசயையை அதில் ஏற்றி அனுப்புகிறான். திருகை வலப்பக்கம் முறுக்கினால் பறக்கும், இடப்பக்கம் முறுக்கினால் இறங்கும். இறங்கிய இடம் சுடுகாடு. எப்படி இயக்குவது என்பதைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் திருத்தக்கதேவர் அதைப் பறக்கவிடுகிறார். கத்ரிக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

எங்கே கிடைக்கும்?

எழுதியவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் காப்புரிமை இல்லை. இந்தி மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சில் வேண்டுமென்றால் மலிவுப் பதிப்புகள் நிறைய. வாங்கும்போது நாலு பாகமும் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கிய பதிப்பில் முதலில் வெட்டுவது காட்டு வர்ணனைகளையும், சுருக்குப்பைக்குள் என்ன இருக்கிறது என்ற வரிகளையும்தான்.

கடைசிப் பாகத்தை மட்டும் முதலில் புரட்டிப் பார்க்கலாமா?

கூடாது. நான் பார்த்தேன். காட்டில் திடீர் திடீரென்று தோன்றி மறையும் ஒரு பெண் யார் என்பது முதலிலேயே தெரிந்துபோய், அவள் வந்த அத்தனை இடத்திலும் எனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.